அறிந்தவர் சாட்சியம்: மதீனா முதல் நொய்யல் வரை



வழக்கு மன்றத்திற்கு வரும் சாட்சிகள் அனைவரும் ஒரே வகையினர் அல்லர். ஒருவர் தம் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் சொல்ல வருகிறார். மற்றொருவரோ நடந்த எதையும் நேரில் கண்டவர் அல்லர். ஆயினும் நீதிபதி அவரை அழைத்துக் கேட்கிறார்: இந்தக் கையெழுத்து யாருடையது? இந்தக் காயம் எந்த ஆயுதத்தால் உண்டானது? இந்தக் கிணற்றுநீர் எதனால் கெட்டது? முன்னவர் காட்சிக்குச் சாட்சி. பின்னவர் அறிவுக்குச் சாட்சி. இவர்கள் இருவரையும் தவிர, கூண்டில் ஏறாமலேயே வழக்கின் போக்கைத் தீர்மானிக்கும் மூன்றாமவர் ஒருவரும் உண்டு. அவரே சட்ட ஆலோசகர்.

நொய்யல் கரையில் பனியன் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் இந்த இதழின் வாசகர்களிலும் பலர் உள்ளனர். அந்த ஆற்றின் வழக்கு, அறிந்தவர் பேசினால் என்ன ஆகும், பேசத் தாமதித்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் வாசலிலேயே நடந்த வரலாறு. அதைச் சொல்வதற்கு முன், நம் மார்க்க வரலாற்றில் இத்தகைய சாட்சியத்துக்கு இருந்த இடத்தைச் சற்றுப் பார்த்துவிடுவோம்.

பாதங்களைப் பார்த்தவர்

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அன்புக்குரிய ஸைத் பின் ஹாரிஸா (ரலி) அவர்கள் வெண்ணிறத்தவர். அவருடைய மகன் உஸாமா (ரலி) அவர்களோ, தாயார் உம்மு ஐமன் (ரலி) அவர்களைப் போலக் கருநிறத்தவர். இந்த நிற வேறுபாட்டை வைத்து, உஸாமா ஸைதின் மகன்தானா என்று வம்பு பேசியவர்கள் இருந்தனர். ஒருநாள் தந்தையும் மகனும் தலையை மூடியவாறு ஒரே போர்வைக்குள் படுத்திருந்தனர். பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அவ்வழியே வந்த முஜஸ்ஸிஸ் என்பவர் அவற்றைக் கண்டதும், இப்பாதங்கள் ஒன்றிலிருந்து ஒன்று வந்தவை என்று கூறிவிட்டார். அவர் அங்க அடையாளங்களைக் கொண்டு உறவை அறிவதில் பேர்பெற்ற பனூ முத்லிஜ் குலத்தவர். இதைக் கேட்டு நபி (ஸல்) அவர்கள் முகம் மலர வந்து அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் தெரிவித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது.

ஊரார் நிறத்தைப் பார்த்தார்கள். துறை அறிந்தவர் நிறத்தைத் தாண்டிப் பார்த்தார். இந்த நுட்பத்தைச் சற்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னர் தேவைப்படும். இந்நிகழ்வை ஆதாரமாகக் கொண்டு ஷாஃபிஈ, மாலிகீ, ஹன்பலீ மத்ஹபுகள் அத்தகைய அறிஞரின் கூற்றை வமிச வழக்கில் ஏற்றன. ஹனஃபீ இமாம்கள் ஏற்கவில்லை. ஒரு நிபுணரின் சொல் எந்த அளவுக்குச் செல்லும் என்ற வாதம் இன்றைய நீதிமன்றங்களில் தோன்றியது அன்று. நம் ஃபிக்ஹு நூல்களில் நூற்றாண்டுகளாக நடந்துவருவது.

அடுத்த சான்று கைபர் தோட்டங்களில் நிகழ்ந்தது. கைபர் வெற்றிக்குப் பின் அங்கிருந்த யூத விவசாயிகள் விளைச்சலில் பாதியைத் தருவதாக ஒப்பந்தம் ஆயிற்று. மரத்தில் இருக்கும்போதே பேரீச்சங்குலைகளைப் பார்த்து இத்தனை தேறும் என்று மதிப்பிட அப்துல்லாஹ் பின் ரவாஹா (ரலி) அவர்கள் அனுப்பப்பட்டார்கள். தோட்டக்காரர்கள் தம் பெண்களின் நகைகளைத் திரட்டி அவர் முன் வைத்து, மதிப்பைக் குறைத்துச் சொல்லும்படி கேட்டனர். உங்கள் மீது எனக்குள்ள மனத்தாங்கல் உங்களுக்கு அநீதி இழைக்க என்னைத் தூண்டாது. நீங்கள் நீட்டுவதோ ஹராமான பொருள் என்று கூறி அவர் மறுத்துவிட்டார். இத்தகைய நீதியால்தான் வானமும் பூமியும் நிலைத்து நிற்கின்றன என்று அந்தத் தோட்டக்காரர்களே ஒப்புக்கொண்டதாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா கூறுகிறது. அவர் மதிப்பிட்டு முடித்ததும், இந்தக் கணக்குக்கு நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்களா, நாங்கள் எடுத்துக்கொள்ளட்டுமா என்று எதிர்த்தரப்புக்கே தேர்வைக் கொடுத்துவிடுவார் என்றும் அதில் வருகிறது. தம் மதிப்பீட்டைத் தாமே சோதனைக்கு உட்படுத்திய நிபுணர் அவர். இன்று இலட்சங்களில் கட்டணம் பெற்று அறிக்கை எழுதுவோரில் எத்தனை பேர் இந்தத் தேர்வை எதிர்த்தரப்புக்குக் கொடுக்கத் துணிவார்கள்?

திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயத்தில் வரும் கடன் பத்திர வசனம் (2:282), சாட்சிகள் அழைக்கப்படும்போது மறுக்கலாகாது என்று விதிப்பதோடு நிற்கவில்லை. எழுதுபவருக்கும் சாட்சிக்கும் துன்பம் இழைக்கப்படலாகாது என்றும் விதிக்கிறது. பேச வேண்டியவர் பேச வேண்டும். பேசியவரைப் பாதுகாக்க வேண்டும். கடமை இருபுறமும் உள்ளது.

பிற்காலத்தில் கடைவீதிகளைக் கண்காணித்த முஹ்தஸிப் என்ற அதிகாரி, ஒவ்வொரு தொழிலுக்கும் அத்தொழிலை நன்கறிந்த நேர்மையாளர் ஒருவரைத் துணையாக வைத்துக்கொண்டார். அவருக்கு அரீஃப் என்று பெயர். கி.பி. 12ஆம் நூற்றாண்டில் ஷைஸரீ என்ற அறிஞர் முஹ்தஸிபுகளுக்காக எழுதிய வழிகாட்டி நூலில் சாயக்காரர்களுக்கு ஒரு தனி அத்தியாயமே உண்டு. மஞ்சிட்டிக்குப் பதில் மருதாணியால் சாயமேற்றுவோரை அவர் அதில் கண்டிக்கிறார். முதலில் பளபளக்கும், வெயில் பட்டால் நிறம் மாறிவிடும். வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாத அந்த மோசடியைத் தொழில் அறிந்த அரீஃபின் கண்தான் பிடிக்கும். திருப்பூர் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கம்பெனி நீதிமன்றத்தின் மௌலவி

இனிச் சட்ட ஆலோசகரைப் பற்றி. முஃப்தி தீர்ப்பளிப்பவர் அல்லர். கேட்டவருக்குச் சட்டத்தை எடுத்துரைப்பவர். தீர்ப்பளிப்பவர் காஜி. இந்த இரண்டையும் நம் முன்னோர் பிரித்தே வைத்தனர். கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்தில் நீதிமன்றங்களை அமைத்தபோது, 1772இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வகுத்த திட்டப்படி மௌலவிகளும் பண்டிதர்களும் சட்ட அதிகாரிகளாக நியமிக்கப்பட்டனர். 1802க்குப் பின் சென்னை மாகாணத்திலும் அதே ஏற்பாடு வந்தது. ஆங்கிலேய நீதிபதி விசாரிப்பார். குற்ற வழக்கில் ஷரீஅத் சட்டம் என்ன சொல்கிறது என்று மௌலவி ஃபத்வா எழுதித் தருவார். சம்பளம் கம்பெனியுடையது.

ஆண்டுகள் செல்லச்செல்ல அந்த ஃபத்வாவின் மதிப்பை ஒழுங்குவிதிகள் ஒவ்வொன்றாகக் குறைத்தன. 1864ஆம் ஆண்டின் 11ஆம் சட்டம் அப்பதவிகளையே நீக்கிவிட்டது. காஜிகளை அரசு நியமிக்கும் ஏற்பாடும் அதனுடன் போயிற்று. நிக்காஹ் முதலிய காரியங்களில் ஏற்பட்ட இடர்ப்பாட்டைச் சென்னை மாகாண முஸ்லிம்கள்தாம் பெரிதும் முறையிட்டனர். 1880இல் காஜிகள் சட்டம் வந்தபோது அது முதலில் சென்னை மாகாணத்திற்கே பொருந்துவதாக இருந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி. அச்சட்டப்படி நியமனமாகும் காஜிக்கு நீதி வழங்கும் அதிகாரம் எதுவும் இல்லை என்பதும் அதிலேயே எழுதப்பட்டுள்ளது.

இதற்கிடையே 1872இல் இந்தியச் சாட்சியச் சட்டம் பிறந்தது. அதன் 45ஆம் பிரிவு, அறிவியல், கலை, அயல்நாட்டுச் சட்டம், கையெழுத்து ஆகியவற்றில் தனித்திறன் பெற்றவரின் கருத்தை நீதிமன்றம் கேட்கலாம் என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியம் சட்டத்தில் அது 39ஆம் பிரிவாக இடம்பெற்றுள்ளது. இவ்விதியின் வேர் 1782இல் இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கில் உள்ளது. வெல்ஸ் என்ற சிறு துறைமுகம் மண்மேடிட்டுப் போயிற்று. கடலைத் தடுத்து நிலவுடைமையாளர் எழுப்பிய கரைதான் காரணமா என்பது வழக்கு. ஜான் ஸ்மீட்டன் என்ற புகழ்பெற்ற பொறியாளரின் கருத்தைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று மான்ஸ்ஃபீல்டு பிரபு முடிவு செய்தார். ஆங்கிலச் சட்டத்தில் நிபுணர் சாட்சியம் வேரூன்றியது நீரும் நிலமும் பற்றிய தகராறில்தான். நம் ஊர் வழக்கும் அதுவே.

பாலாற்றில் தொடங்கியது

நொய்யலுக்கு வருமுன் பாலாற்றைத் தொட்டாக வேண்டும்; சட்டம் அங்கிருந்துதான் இங்கு வந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதியின் தோல் தொழிலில் நம் சமுதாயத்தவர் பெரும் பங்கு வகிப்பதை அனைவரும் அறிவோம். கிணறு கெட்டுப்போன குடும்பங்களிலும் நம்மவர் உண்டு. ஆகவே இந்த வழக்கை எவரோ எவருக்கோ இழைத்த தீங்காக நாம் வாசிக்க இயலாது.

வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா வாதாடினார். 1996 ஆகஸ்ட் 28இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை வாசிப்போர், அதன் முதல் பக்கங்கள் நிபுணர் சாட்சியத்தாலேயே நிரம்பியிருப்பதைக் காண்பர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம், ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதைக் கணக்கிட்டிருந்தது. திண்டுக்கல் பகுதியில் 13 கிராமங்களில் ஒரு தொண்டு அமைப்பு எடுத்த கணக்கில் 467 கிணறுகளில் 350 கெட்டிருந்தன. இந்த எண்கள் இல்லையேல், "எங்கள் தண்ணீர் போச்சுங்க" என்ற ஏழையின் குரல் மட்டுமே மன்றத்தில் ஒலித்திருக்கும். மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அத்தீர்ப்பு அறிவித்தது. மேத்தாவின் உழைப்பைப் பாராட்டி, 50,000 ரூபாயை அவருக்கு வழங்கும்படி தமிழக அரசுக்கு ஆணையிட்டது. சட்டம் அறிந்தவரும் அறிவியல் அறிந்தவரும் சேர்ந்து நின்ற வழக்கு அது.

அத்தீர்ப்பின்படி அமைந்த சூழல் இழப்பு ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற நீதிபதி பி. பாஸ்கரன் தலைமை வகித்தார். 2001இல் அது வேலூர்ப் பகுதியின் 29,193 குடும்பங்களுக்கு ஏறத்தாழ 26.82 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. பின்னர் நொய்யல் விவசாயிகளின் இழப்பையும் மதிப்பிட்டது அதே ஆணையம்தான்.

நொய்யல்: நிறம், மணம், சுவை

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் ஆறு நொய்யல். 1980களுக்குப் பின் பின்னலாடை ஏற்றுமதி பெருகப் பெருக, சாயப்பட்டறைகளும் சலவைப் பட்டறைகளும் பெருகின. கழிவுநீர் ஆற்றில் விழுந்தது. 1992இல் சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிக்கப்பட்டது. ஈரோடு, கரூர்ப் பகுதிகளில் ஏறத்தாழ 20,000 ஏக்கருக்குப் பாசனம் தரவேண்டிய அணை அது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. தேங்கிய நீர் சுற்றுவட்டாரக் கிணறுகளில் இறங்கியது. திறந்துவிட்டால் கீழேயுள்ள வயல்களில் பாய்ந்தது. அணை வேண்டும் என்று கேட்ட விவசாயிகளே, அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று மன்றாடும் நிலை உலகில் வேறெங்கேனும் உண்டா என்று தெரியவில்லை.

1990களின் இறுதியில், நீதிமன்றத்தின் நெருக்குதலால், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. இங்கேதான் நிபுணரின் வேலை எத்தகையது என்பது தெளிவாகிறது. தண்ணீரின் தூய்மையை நாம் மதரஸாவில் எப்படிப் படித்தோம்? நிறம், சுவை, மணம் ஆகிய மூன்று தன்மைகளைக் கொண்டு. அந்த நிலையங்கள் நிறத்தைப் பெருமளவு நீக்கின, நாற்றத்தையும் குறைத்தன. உப்பை மட்டும் தொடவில்லை. தொடும்படி அவை வடிவமைக்கப்படவே இல்லை. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். அடர்ந்த நிறங்களுக்கு ஒரு லிட்டர் சாயக் கரைசலில் 50 கிராமுக்கும் மேல் சோடியம் குளோரைடோ சோடியம் சல்பேட்டோ கரைப்பார்கள். துணி சாயத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். உப்பு அத்தனையும் கழிவுநீரோடு வெளியேறிவிடும். வெளியேற்றும் நீரில் கரைதிடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவு. சாயநீரில் அது பல மடங்கு இருந்தது.

கண்ணுக்குத் தெளிந்த நீர் ஆற்றில் ஓடியது. பார்த்தவர்கள் சுத்தமாகிவிட்டது என்றனர். பயிருக்குத் தெரிந்தது, தென்னைக்குத் தெரிந்தது, மண் இறுகிப்போன உழவனுக்குத் தெரிந்தது. ஆனால் மன்றத்தில் அதை எண்ணாகச் சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது. நிறத்தைப் பார்த்து மயங்காமல், நிறத்துக்கு அப்பால் இருப்பதைச் சொல்பவர்தாம் அறிந்த சாட்சி. போர்வைக்கு வெளியே நீண்டிருந்த அந்தப் பாதங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

கரூர்ப் பகுதி விவசாயிகள் 1996இலேயே சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகியிருந்தனர். பின்னர் நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கமும் 2003இல் வழக்குத் தொடுத்தது. 1998 முதல் ஆணைகள் வந்தன, கெடுக்கள் விதிக்கப்பட்டன, கெடுக்கள் நீட்டிக்கப்பட்டன. இங்கே சட்ட ஆலோசகர்களைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தம் கட்சிக்காரருக்கு அவகாசம் பெற்றுத் தருவது வழக்கறிஞரின் தொழில். அதில் குற்றம் காண்பதற்கில்லை. ஆனால் உப்பை நீக்க வழி தேடுங்கள், இல்லையேல் ஒருநாள் மொத்தமாக இழுத்து மூட நேரும் என்று முதலாளியிடம் அறைக்குள் எடுத்துச் சொல்வதும் ஆலோசகரின் தொழில்தான். அந்தப் பத்தாண்டுகளில் முன்னது தாராளமாக நடந்தது. பின்னது நடந்ததற்கான அடையாளம் பட்டறைகளில் தென்படவில்லை. முஃப்தியிடம் வசதியான ஃபத்வாவைத் தேடிச் செல்வோரைப் பற்றி நம் உலமாக்கள் எழுதியவை இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றன.

2004 டிசம்பரில் ஆணையம் தன் மதிப்பீட்டை அளித்தது: 68 கிராமங்களில் 28,596 விவசாயிகள், இழப்பு ஏறத்தாழ 24.8 கோடி ரூபாய். கிராமம் கிராமமாக, பெயர் பெயராக எடுத்த கணக்கு அது. இதை இப்னு ரவாஹா (ரலி) அவர்களின் பணிக்கு ஒப்பிடுவது மிகை ஆகாது என்றே கருதுகிறேன். அங்கே மரத்தில் இருந்த கனியை மதிப்பிட்டார்கள். இங்கே மரத்தில் காய்க்காமல் போனதை மதிப்பிட வேண்டியிருந்தது. பின்னது கடினம். நொய்யல்படுகையின் மாசைப் பற்றிப் பல்கலைக்கழகங்களும், சென்னையிலுள்ள மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் போன்ற நிறுவனங்களும் ஆய்வுகள் செய்தன. உயர்நீதிமன்றமும் நிபுணர் குழுவின் அறிக்கைகளைக் கேட்டுப் பெற்றது.

2006 டிசம்பர் 22இல் உயர்நீதிமன்றம் விரிவான தீர்ப்பளித்தது. ஒரு சொட்டும் வெளியேற்றாத நிலையை அடையும் வரை, வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசா, பின் 8 பைசா, பின் 10 பைசா என்று ஏறிச்செல்லும் அபராதத்தை விதித்தது. அணையைத் தூய்மைப்படுத்தும் செலவையும் பட்டறைகள் மீது சுமத்தியது. சாயப்பட்டறை உரிமையாளர் சங்கம் உச்சநீதிமன்றம் சென்றது. 2009 அக்டோபர் 6இல் உச்சநீதிமன்றம் உயர்நீதிமன்றத்தின் நிலைப்பாட்டை உறுதி செய்து மூன்று மாத அவகாசம் தந்தது. அதுவும் கடந்தது. 2011 ஜனவரி 28இல் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடி, மின் இணைப்பைத் துண்டிக்க உயர்நீதிமன்றம் ஆணையிட்டது.

அந்த மாதங்கள் இப்பகுதிக் குடும்பங்களுக்கு நினைவிருக்கும். சாயம் நின்றால் நிட்டிங் நிற்கும், தையல் நிற்கும், அயர்ன், பேக்கிங் எல்லாம் நிற்கும். வெளியூரிலிருந்து வந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பினர். உழவனுக்கு இழைத்த அநீதியின் விலையை, அதில் எந்த முடிவும் எடுத்திராத கூலித் தொழிலாளி கொடுத்தான். பின்னர் தமிழக அரசு சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அளித்தது. அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில், எதிர்ச்சவ்வூடு பரவல் முறையில் பிரிந்த உப்புநீரையே தெளிவாக்கி மீண்டும் சாயமேற்றப் பயன்படுத்தும் வழி செய்து காட்டப்பட்டது. நிலையங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தீர்வைக் கொண்டுவந்தவர்களும் நிபுணர்களே என்பதை மறுக்க இயலாது. அவர்களை 1998இலேயே கேட்டிருக்கலாம்.

நிபுணர்கள் முரண்பட்டால்?

நிபுணர் சொல்வதெல்லாம் வேதவாக்கு அன்று. 1999இல் உச்சநீதிமன்றம் விசாரித்த ஓர் ஆந்திர வழக்கு இதற்குச் சான்று. ஹைதராபாத் மக்களின் குடிநீருக்காக நிஜாம் ஆட்சியில் கட்டப்பட்ட உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் ஏரிகளின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் எண்ணெய் ஆலை ஒன்று வரவிருந்தது. ஓர் அறிவியலாளர் ஆபத்தில்லை என்று சான்றளித்தார். வேறு சிலர் ஆபத்து உண்டு என்றனர். இருவரில் யாரை நம்புவது என்று சட்டம் மட்டும் படித்த நீதிபதி எவ்வாறு முடிவு செய்வார்? உச்சநீதிமன்றமே இக்கேள்வியை வெளிப்படையாக எழுப்பி, சூழல் வழக்குகளைக் கேட்கும் மன்றங்களில் அறிவியல் அறிந்தோரும் அமர வேண்டும் என்றது. வேறு நிறுவனங்களிடம் புதிய அறிக்கைகள் பெறப்பட்டு, 2000 டிசம்பரில் ஆலைக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. 2010இன் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தில் நீதித்துறை உறுப்பினருடன் நிபுணர் உறுப்பினரும் சமமாக அமரும் ஏற்பாடு இடம்பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம். அதன் தென்மண்டல அமர்வு சென்னையில் இயங்குகிறது. அரீஃப், முஹ்தஸிபின் பக்கத்தில் அமர்ந்ததைப் போல என்று சொல்லலாம்.

பாலாற்று வழக்கு இன்னும் முடியவில்லை. 2025 ஜனவரி 30இல் உச்சநீதிமன்றம் மீண்டும் தீர்ப்பளித்தது. 2001இல் நிர்ணயித்த இழப்பீட்டில் எஞ்சியதை வழங்கி, தொழிற்சாலைகளிடம் அதை வசூலித்துக்கொள்ளும்படி அரசுக்கு ஆணையிட்டது. ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் சூழல் நிபுணர்களும் பாதிக்கப்பட்டோரின் பிரதிநிதிகளும் அடங்கிய குழுவை அமைக்கவும் கூறியது. மதிப்பிட்டு எழுதிய அந்தப் பட்டியலுக்கு அப்போது வயது இருபத்து நான்கு.